திருப்பிப் பாடியவள்

1

பாடுவதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் எங்கள் அடி அண்ணாமலையில் யாரும் நம்ப மாட்டார்கள். ரேஷன் கார்டுக்கு எழுதலாம், பட்டாவுக்கு எழுதலாம், பாட்டுக்கு எதற்கு எழுதுவது என்று கேட்பார்கள். நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முழுதாக இரண்டு பக்கம். பெயர், பிறந்த தேதி, முகவரி, சங்கத்தின் விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று ஒரு கையெழுத்து, என் புகைப்படத்தை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இன்னொரு கையெழுத்து. கடைசியில் ‘குரல்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன்னடக்கத்துக்கு இது நேரமில்லை என்று முடிவுசெய்து, ‘நன்றாக இருக்கும்’ என்று எழுதினேன்.

அவர்கள் கேட்டது அதை இல்லை. பாட்டுக் குழுவில் நான்கு வகைக் குரல்கள் உண்டாம். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல். ஆண்களிலும் அப்படியே இரண்டு. நான் இதில் எது என்று எழுத வேண்டும். குழுவை நடத்துகிற உர்சுலா அம்மா பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என் படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அதையும் பார்த்துவிடுவோம்” என்று சொல்லி, பியானோவில் ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கினார். நானும் பாடிக்கொண்டே கூட இறங்கினேன். அவர் நிறுத்திய பிறகும் எனக்கு இரண்டு சுரம் மிச்சமிருந்தது. நான் எழுதியதை அடித்துவிட்டுக் ‘கீழ்க்குரல்’ என்று எழுதிக்கொண்டார். ஜெர்மனியில் ஒரு பாட்டுச் சங்கத்தின் உறுப்பினராக நான் ஆனது இப்படித்தான். அடுத்த வாரம் தபாலில் அட்டை வந்தது.

இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. ஊர் சிறியது. ஓர் ஆறு, ஒரு தேவாலயம், இரண்டு ரொட்டிக்கடை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு ஆளும் இல்லாத தெரு. என் கணவர் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். நான் பல் செய்கிறேன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு பீங்கானில் பல் கட்டுகிற கூடத்தில் ஆறு பேரில் நானும் ஒருத்தி. வேலூரில் படித்த படிப்பு இங்கே சோறு போடுகிறது. இந்த ஊரில் பாதிப் பேர் என் பல்லை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாட்டுக் குழுவின் ஆண்கள் வரிசையிலேயே மூன்று பேர் அப்படி. அவர்கள் வாயைத் திறந்து உச்சத்தில் பாடும்போது எல்லோரும் பாட்டைக் கேட்பார்கள். நான் கடைவாய்ப் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

குடியுரிமைக்கு மனுப் போட்டபோது அலுவலகத்தில் இருந்த அதிகாரி எங்கள் காகிதங்களை ஒரு மணி நேரம் சிரிக்காமல் புரட்டினார். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மொழித் தேர்வுச் சான்றிதழ், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு முத்திரை குறைந்தது. இந்த ஊர் வாழ்க்கையில் நீங்கள் கலந்துகொள்வதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டார். பாட்டுச் சங்க அட்டையை எடுத்து வைத்தேன். மனுஷன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவரும் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் பாடுகிறவராம். அதன் பிறகு எங்களுக்கு எந்த முத்திரையும் குறையவில்லை.

ஆனால் அட்டையால் வந்த பெரிய லாபம் அது இல்லை. என் மகள் நிவேதாவும் இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே குழுவில் சேர்ந்தாள். அவளுக்கு மேல்குரல், முன் வரிசை. பதினைந்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அவள் அறைக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். எங்களிடம் பேசுவதற்கு அவளிடம் ‘சரி’, ‘அப்புறம்’, ‘தெரியல’ என்று மூன்று வார்த்தைகள் இருந்தன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் போனாள். எழுத்துகள் முடியுமுன் கால்பந்து வந்துவிட்டது. “நான்தான் பேசறனேம்மா, எழுதி யாருக்குப் போடப் போறேன்?” என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒன்றாகப் போவோம். ஒன்றரை மணி நேரம் நானும் அவளும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். என் வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நான் வாழ்ந்ததாகக் கணக்கு வைத்திருந்தேன்.

2

ஊரில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பின்னால் நிலம்; வேர்க்கடலை போடுவோம், கொஞ்சம் சாமந்தி. பௌர்ணமி வந்தால் வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டாயில் மோர்ப் பந்தலும் பெண்கள் பஜனையும் நடக்கும். மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் வரை போகும். எனக்கு ஏழு வயதில் கையில் ஜால்ராவைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பக்கம் இழுக்கிற பாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது அந்த இரண்டு வெண்கலத் துண்டுதான். இங்கே வரும்போதும் கொண்டுவந்தேன். “எனக்கு மட்டும் ஒரு நாளும் ஜால்ரா போட்டதில்ல” என்று என் கணவர் இன்னமும் சொல்லிக் காட்டுவார்.

இப்போது பாட்டு எடுத்துக் கொடுப்பது மல்லிகா அண்ணி, என் அண்ணனுடைய மனைவி. விதி ஒன்றே ஒன்றுதான். அண்ணி ஒரு வரி பாடுவார். மற்றவர்கள் அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். பாட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. மோர் குடிக்க ஒதுங்கியவர்கூட உட்கார்ந்தால் பாடிவிடலாம், வரிதான் முன்னாலேயே வந்துவிடுகிறதே. நாங்கள் திருப்பிப் பாடுகிற நேரத்தில்தான் அண்ணி மூச்சு வாங்குவார், அடுத்த வரியை ஞாபகப்படுத்திக்கொள்வார், முந்தானையால் முகம் துடைத்துக்கொள்வார். “நான் குடுக்கறத நீங்க வாங்கலன்னா நான் அந்தரத்துல இல்ல நிக்கணும்?” என்பார்.

அதனால் எங்கள் ஊரில் திருப்பிப் பாடாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு முறை மோட்டார் தண்ணீர் விடுகிற தகராறில் அண்ணியோடு பேச்சு நின்றுபோன இரண்டு பேர் பஜனைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி வரி எடுத்துக் கொடுத்தபோது வாயை மூடிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வரியில் அண்ணி அழுதுவிட்டார். ஒருத்தி பாடி முடித்த பிறகு வருகிற மௌனம் எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்கு அன்றைக்கே உடம்பில் ஏறிவிட்டது. அது இறங்கவே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

3

போன டிசம்பரில் எங்கள் குழுவின் பெரிய கச்சேரி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, தேவாலயம் நிரம்பி, பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். தனியாகப் பாடுவதற்கு நகரத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். சின்னப் பெண்தான், முப்பது இருக்கும். ஒத்திகைக்கு ஒரே ஒரு நாள் வந்தாள். அன்றைக்கு என்று பார்த்து எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை.

பாட்டின் நடுவில் ஓரிடத்தில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். அந்தப் பெண் மட்டும் ஒரே ஒரு வரி பாடுவாள். பிறகு மௌனம். அதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேறொரு வரியோடு நுழைவோம். தாளில் எல்லாம் போட்டிருந்தது. நான் தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாகப் பாடினாள். வரி முடிந்தது. ஒன்றுமில்லை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் அத்தனை பேர் முன்னால் தன்னந்தனியாக நிற்கிறாள்.

நான் திருப்பிப் பாடிவிட்டேன்.

ஏதோ ஒரு சொல்லோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்றால் பரவாயில்லை. முழு வரியையும் பாடினேன். சுருதி சுத்தமாக, அடித் தொண்டையிலிருந்து, கடைசியில் எங்கள் ஊரில் இழுக்கிற ஒரு குழைவையும் சேர்த்து. தேவாலயம் அதை வாங்கி மேலே அனுப்பி இன்னொரு முறை எல்லோருக்கும் கேட்க வைத்தது. கண்ணைத் திறந்தேன். உர்சுலா அம்மாவின் கை காற்றில் அப்படியே நின்றிருந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். முன் வரிசையில் என் மகளின் பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிவந்து காது வரைக்கும் ஏறியதைப் பார்த்தேன்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம்.

“ஏம்மா அப்படிப் பண்ண?” என்று நிவி கேட்டாள்.

“தெரியலடி. வந்துருச்சி.”

“எல்லாரும் கம்முனு நிக்கறாங்கல்ல, நீ பாக்கலியா?”

“பாத்திருந்தா பாடுவனா?”

வண்டியை ஓட்டிக்கொண்டே என் கணவர், “நல்லாத்தான் இருந்துச்சி. பாட்டே அப்படித்தான்னு நெனச்சேன்” என்றார். சமாதானத்துக்குச் சொல்லவில்லை, அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

4

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உர்சுலா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் நடப்பதுதான் என்றார். ரொட்டிக்கடைக்காரி வழக்கத்தைவிட அகலமாகச் சிரித்தாள். உள்ளூர்ப் பத்திரிகை கச்சேரியைப் பாராட்டி எழுதிவிட்டு, ‘எதிர்பாராத ஓர் எதிரொலி’யையும் ஒரு வரியில் சேர்த்திருந்தது.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். பத்து நாள் கழித்து நிவியோடு படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா என்னைக் கடையில் பார்த்து வருத்தப்பட்டபோதுதான் பள்ளிக்கூடத்துக் கதை எனக்குத் தெரிந்தது. கச்சேரியை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். அது பிள்ளைகளிடம் சுற்றியிருக்கிறது. விடுமுறை விடுகிற வரைக்கும் நிவி எதைச் சொன்னாலும் பின்னாலிருந்து ஒருவன் அதை அப்படியே திருப்பிப் பாடியிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. என் மகள் அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவள் குழுவில் இருக்கட்டும், நான் நின்றுகொள்கிறேன். அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். ஆனால் இங்கே சங்கத்தில் சேருவதைவிட விலகுவது பெரிய காரியம். வாயால் சொன்னால் செல்லாது. எழுத்தில், கையெழுத்தோடு, தபாலில் போக வேண்டும். பதினாறாவது விதியோ என்னவோ. பத்தொன்பது வருடமாகியும் ஜெர்மனில் கடிதம் எழுதினால் எனக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் தடுக்கும். நிவியின் கதவைத் தட்டினேன்.

“ஒரு லெட்டர் அடிச்சிக் குடுடி. சங்கத்துலேருந்து நின்னுக்கறன்னு.”

அவள் என்னைப் பார்த்தாள். “காரணம் என்னான்னு போடறது?”

“வேல ஜாஸ்தின்னு போடு.”

“சரி.”

அச்சடித்துக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டேன். உறையில் போட்டு ஒட்டி, போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போனாள்.

பதில் வரவில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குப்பைத் தொட்டியை மாற்றி வைத்தால்கூட இங்கே கடிதம் வரும். அவ்வளவு கோபமா, இல்லை அவ்வளவு நிம்மதியா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைகளில் நிவி தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் துணி மடிப்பேன்.

பாட்டு இல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபம் என்று நான் நினைத்ததில்லை. வேலையிடத்தில் நாள் முழுக்க வானொலி ஓடும். முன்பெல்லாம் பீங்கானைப் பூசிக்கொண்டே அதோடு முனகுவேன். தெரியாத பாட்டென்றாலும் இரண்டாம் முறை வரும்போது பிடித்துக்கொள்வேன். கை தானாக வேலை பார்க்கும், நெஞ்சில் இருக்கிற பாரம் எல்லாம் எங்கோ போய்விடும். இப்போது தேய்க்கிற எந்திரத்துக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே எதுவும் கேட்காது. ஜால்ராவை அடுக்களை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு வைத்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது ஒரு சத்தம் போடும். பிறகு அதைத் துணியில் சுற்றினேன்.

துக்கம் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன், சிரித்தேன். உப்புக் கம்மியாகப் போட்ட சாப்பாட்டை நாள் கணக்கில் சாப்பிட்டுப் பழகிவிடுவது மாதிரி இருந்தது.

5

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். செஞ்சி தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நிவியும் போட்டுக்கொண்டாள். பழக்கம்தான், பக்தி என்று நான் ஏமாறவில்லை.

நாங்கள் போன ஆறாம் நாள் ஆடிப் பௌர்ணமி. மதியத்திலிருந்தே பாதையில் கூட்டம். அண்ணி கொட்டாயைக் கூட்டி, ஜமக்காளம் விரித்து, டோலக்கைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சுமதி, ஜால்ராவ எடு. இன்னிக்கி ரெண்டு பாட்டு நீ எடுத்துக் குடு.”

“தொண்ட சரியில்லீங்க அண்ணி.”

“வந்த அன்னிக்கிலேருந்து பாக்கறேன். பாத்திரம் கழுவும்போதுகூட கம்முனு கழுவற. என்னா ஆச்சி உனக்கு?”

அப்போதைக்குச் சமாளித்தேன். ஜால்ரா தட்டினேன், வாயை மட்டும் அசைத்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு பாடினார். அவரிடம் அது நடக்குமா? டீக்கு நிறுத்தியதும் நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். சொல்லிவிட்டேன். தேவாலயம், அந்தப் பெண், அவள் பாடிய வரி, நான் பாடியது, எல்லாம். சுற்றியிருந்த பெண்கள் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி கேட்டார்கள். சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணியின் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

“அப்ப வேற யாருமே திருப்பிப் பாடலியா?”

“இல்லீங்க அண்ணி.”

“அத்தினி பேரு நின்னுக்கினு, அந்தப் பொண்ண அப்படியே தனியா வுட்டுட்டாங்களா?”

“அவங்க பாட்டு அப்படி.”

“என்னா பாட்டு அது? பாவம், எங்கேருந்தோ வந்த பொண்ணு. அவ மனசு என்னா பாடு பட்டிருக்கும்!”

பூக்காரச் செல்வி உச்சுக் கொட்டினாள். “நீ ஒருத்தியாவது பாடின. வுடு.”

எட்டு மாதமாக நான் தலைகுனிந்து திரிந்த காரியத்தில் இவர்களுக்குத் தெரிந்த ஒரே குற்றம் மற்ற அறுபது பேர் செய்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியது. மோர் டிரம்முக்குப் பக்கத்தில் காகிதக் கப்பை அடுக்கிக்கொண்டிருந்த நிவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அண்ணி அவள் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, நீயும்தான பாடற அங்க? எங்க, அந்த வரிய பாடு கேப்போம்.”

அவள் மாட்டேன் என்பாள் என்று எனக்கு நிச்சயம். கப்பைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சங்கத்தில் நிற்பது மாதிரியே கை இரண்டையும் தொங்கவிட்டு, நேராக நின்று பாடினாள். அவள் தனியாகப் பாடி நான் கேட்டதே இல்லை. மேலே ஏறி, ஓரிடத்தில் மெல்ல நின்று, இறங்கியது. வரி முடிந்தது.

அண்ணியும் பன்னிரண்டு பெண்களும் அதைத் திருப்பிப் பாடினார்கள்.

சொற்கள் எல்லாம் கந்தல். ஜெர்மன்காரர்கள் தொண்டையில் உரசுகிற எழுத்தையெல்லாம் இவர்கள் வெண்ணெயாக்கிவிட்டார்கள். மெட்டு மட்டும் அப்படியே வந்தது. முடிகிற இடத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி குழைந்து இறங்கினார்கள். நான் தேவாலயத்தில் செய்தது அதேதான். நிவி கண்ணை விரித்துக்கொண்டு நின்றாள்.

“நிக்காத கண்ணு, அடுத்தது குடு” என்றார் அண்ணி.

அடுத்தது கொடுத்தாள். அதையும் வாங்கினார்கள். மூன்றாவது வரிக்கு டோலக் பிடித்துக்கொண்டது. மோருக்கு நின்றவர்களில் ஒரு ஆந்திரா குடும்பமும் தன் பங்குக்குப் பாடியது. நான்காவது வரியில் நிவி சிரித்துக்கொண்டே பாடினாள்; திரும்பி வருவதற்காகவே காத்திருந்து, வந்ததும் அடுத்ததை எடுத்தாள். அது வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஐந்தாவது வரி எனக்கு நேராகப் பார்த்துக் கொடுத்தாள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு பாடினேன். தொண்டை கரகரத்தது. சந்தோஷத்தை அளந்து சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அன்றைக்கு நிரம்பிவிட்டது.

மறுநாள் காலை மோர் டிரம்மைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தோம். நிவி உள்ளே கையை விட்டுத் தேய்த்தபடியே சொன்னாள்.

“அம்மா, அந்த லெட்டர நான் போடல.”

“எந்த லெட்டர்?”

“சங்கத்து லெட்டர். என் டேபிள்லதான் இருக்குது.”

நான் தேய்ப்பதை நிறுத்தினேன். “ஏண்டி?”

“உம்மேல கோவம்தான். ஸ்கூல்ல ரொம்ப கஷ்டமா இருந்துச்சி. நீ வரலன்னா நல்லதுன்னுதான் நெனச்சேன். ஆனா போட்டுட்டா முடிஞ்சி போயிடும்ல? நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு வெச்சிருந்தேன்.” டிரம்முக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினாள். “அப்பறம் நீ வீட்லயும் பாடறத வுட்டுட்ட. ஸ்கூல்லேருந்து வந்து கதவத் தொறந்தா, யாருமே இல்லாத வீடு மாரி இருக்கும். நீ கிச்சன்லதான் இருப்ப.”

“உர்சுலா அம்மா ஒண்ணும் கேக்கலியா?”

“ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் கேப்பாங்க. அம்மாவுக்குத் தொண்ட சரியில்லன்னு சொல்லுவேன்.”

“எட்டு மாசமாவா?”

“அவங்க நம்பல. ஆனா உன் சேர அங்கேயேதான் போட்டு வெக்கறாங்க.”

சாத்திய கதவுக்குப் பின்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் அடுக்களையில் நான் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவளைத் திட்ட வேண்டுமா கட்டிக்கொள்ள வேண்டுமா என்றும் தெரியவில்லை. இரண்டு கையிலும் சோப்பு. அப்படியே கட்டிக்கொண்டேன். “ஐயோ, ட்ரெஸ்ஸும்மா” என்றாள். ஆனால் நகரவில்லை.

6

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த வாரம் ஒத்திகையும் தொடங்கியது. இந்த வருடக் கச்சேரிக்குப் புதுப் பாட்டு. கனமான புத்தகம், எண்பது பக்கம். நிவி முன்னாலேயே போய் இரண்டு பேருக்கும் வாங்கி வந்துவிட்டாள். என்னுடையதை என்னிடம் கொடுக்காமல் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு “அப்புறம்” என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு சைக்கிளும் கிளம்பின. படியேறினோம். உர்சுலா அம்மா வாசலில் நின்றிருந்தார்.

“தொண்டை எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

“சரியாகிவிட்டது” என்றேன்.

“நல்லது. முப்பத்திரண்டாம் பக்கம்” என்று சொல்லிவிட்டுப் பியானோவுக்குப் போனார். அவ்வளவுதான் விசாரணை.

என் இடத்தில் போய் நின்றேன். பக்கத்தில் நிற்கிற அம்மா தள்ளிக்கொண்டு இடம் விட்டார். என் பல் வைத்திருக்கிற மூவரும் பின்வரிசையிலிருந்து ஒருசேரச் சிரித்தார்கள். கடைவாய் எல்லாம் உறுதியாக இருந்தது. புத்தகத்தைத் திறந்தேன். இங்கே எல்லோரும் பாட்டுத் தாளில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வார்கள், எங்கே மூச்சு வாங்குவது, எங்கே மெல்லப் பாடுவது என்று. என் புத்தகத்தில் நான் இன்னும் எதையும் குறிக்கவில்லை. ஆனால் பக்கம் முழுக்கப் பென்சில் இருந்தது.

தமிழில் எழுதியிருந்தது. தனிக் குரல் பாடுகிற இடத்திலெல்லாம் வரிக்கு மேலே ‘அவங்க’ என்று. பிறகு மௌனம் வருகிற இடத்தில் ஒரு நீளக் கோடு. நாங்கள் எல்லோரும் நுழைகிற இடத்தில் ‘நாம’.

‘நா’வின் காலை ஒரு விரல் தள்ளிப் போட்டிருந்தாள். ‘ம’வுக்கு வயிறு பெருத்துவிட்டது. ஓரிடத்தில் அழித்து அழித்து எழுதித் தாளே மெலிந்திருந்தது. பக்கங்களைப் புரட்டினேன். கடைசிப் பக்கம் வரைக்கும் ஓரிடத்தையும் விடவில்லை.

முன் வரிசையைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

உர்சுலா அம்மா தனிக் குரலின் வரியைப் பியானோவில் வாசித்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவங்க முடிந்தது. கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நாம வந்தது. பாடினேன்.